கண்ணாடிக்கடையில் சொன்ன ஆமென்

கண்ணாடியக்காவின் நாக்கு நுனியில் எப்போதும் ஓர் ஆமென் தயாராக இருக்கும். ஜெபக்கூட்டத்தில் யாராவது மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், முதல் ஆமென் அவளுடையதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த ஃபேன் ரிப்பேர்காரர், "இனிமே கவலையே இல்லம்மா, நல்லா ஓடும்" என்றதற்குக்கூட ஆமென் சொன்னவள் அவள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் கூண்டுக்குள் தொங்கிவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் பொழுதுபோக்கு இதுதான். "உன் வீட்டை எழுதி வாங்கணும்னா பத்திரம் எல்லாம் வேணாம். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாப் போதும், ஆமென்னு குடுத்துடுவே" என்பார். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

கடைத்தெரு முனையில், மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறைதான் அவள் கடை. ஃப்ரேம்கள் தொங்கும் சுவர், முகம் பார்க்க ஒரு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி. பலகைத் தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின். அது ஓட ஆரம்பித்தால் ஜெராக்ஸ்காரர் போனில் பேசுவதை நிறுத்திவிடுவார். கண்ணைச் சோதிப்பது டாக்டர் பாடு. சீட்டைப் பார்த்து லென்ஸை வெட்டி ஃப்ரேமில் பொருத்துவது, காதைக் கடிக்கிற கம்பியை வளைத்துவிடுவது, மூக்கில் வழுக்கினால் சரிசெய்வது, இதெல்லாம் இவள் பாடு. ஆட்களின் பெயர் மறந்துபோகும், மூக்கு மறக்காது.

கடை வேலை போக அவளுக்கு ஒரு போன் வேலையும் உண்டு. அவள் சபை சேர்ந்திருக்கிற மிஷனரி சங்கம், பெயர்கூட வாயில் நுழையாத தூரத்து மலைகளுக்கு ஆட்களை அனுப்பும். மேடையில் நிறுத்தி, கைதட்டி, கண்ணீர் விட்டு அனுப்புவார்கள். அதோடு மறந்தும்விடுவார்கள். போனவர்களில் சிலர் உடம்பு நொந்தும் சிலர் மனம் நொந்தும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்த பிறகுதான் சங்கத்துக்குப் புத்தி வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊரிலிருந்து ஓர் ஆளை ஒதுக்கினார்கள். வாரம் ஒருமுறை போன் பண்ண வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், சேர்ந்து ஜெபிக்க வேண்டும். "நீங்க அவங்களுக்குக் காது. கேட்டது உங்களோடயே இருக்கணும்" என்று சங்கத்தின் செயலாளர் பயிற்சிக் கூட்டத்தில் சொன்னார். அதற்கும் ஆமென் என்று முதலில் சொன்னது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேலையை விட்டுத் திரும்புவது போன்ற பெரிய முடிவு எதையும் தனியாக எடுக்கக் கூடாது. இங்கே ஊரிலிருந்து போனில் பேசுகிற ஆளும் கூடச் சேர்ந்து ஜெபித்து, ஒருமனமாக ஆமென் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த முடிவு செல்லும். இல்லையென்றால் செல்லாது. எழுத்தில் எங்கும் இல்லாத சட்டம். ஆனால் எழுதிய சட்டத்தை மீறியவர்கள் உண்டே தவிர இதை மீறியவர்கள் இல்லை.

கண்ணாடியக்காவுக்குக் கிடைத்தது ஒரு மலைக்கிராமத்துக் குடும்பம். கணவன் அங்கே பிள்ளைகளுக்கு விடுதி வைத்துப் பாடம் சொல்லும் வாத்தியார். மனைவி நர்ஸ், ஒரே அறையில் மருந்தகம் நடத்துகிறாள். வாத்தியார் போனில் வந்தால் "எல்லாம் நல்லா இருக்குக்கா" என்பதோடு சரி. பேசுவதெல்லாம் மனைவிதான். கண்ணாடியக்கா அவளை மலைத் தங்கச்சி என்று சொல்ல ஆரம்பித்தாள், பிறகு அது வெறும் தங்கச்சி என்றே ஆகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் அங்கே டவர் கிடைக்கும். வியாழக்கிழமை மதியம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் கண்ணாடியக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூப்பிடுவாள். காற்றடிக்கிற சத்தத்துக்கு நடுவே தங்கச்சி குரல் வரும்.

முதலில் வெறும் நலவிசாரணைதான். போகப் போகத் தங்கச்சி மனம் திறந்தாள். தூக்கம் வரவில்லை என்றாள். காலையில் மருந்தக வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றாள். கண்ணாடியக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். கேட்டு முடித்ததும் அவளிடம் ஆறுதல் தயாராக இருக்கும். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. உன்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா" என்பாள். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிக்கா" என்று சொல்லித் தொட்டியிலிருந்து இறங்கிவிடுவாள். அடுத்த வாரமும் அதேதான். மற்ற ஊழியர்களில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட, இந்தக் குடும்பம் மட்டும் அசையாமல் நின்றது. ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் கண்ணாடியக்காவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதில் ஒன்றும் தப்பில்லை, கைதட்டு யாருக்குத்தான் கசக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செயலாளரிடமிருந்து போன் வந்தது. அவள் ஒரு பெண்ணுக்கு ஃப்ரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், உங்க தங்கச்சி வந்திருக்காங்க."

"எங்க ஐயா?"

"இங்க, ஆபீசுக்கு. மருந்தகத்தைப் பூட்டிட்டு வந்துட்டாங்க. வாத்தியார் பிள்ளைங்களோட அங்கேயே இருக்கார். கேட்டா, முடிவெடுத்தாச்சு, அக்கா ஆமென் சொன்னாங்கன்னு சொல்றாங்க. சொன்னீங்களா?"

"சொன்னேன் ஐயா" என்றாள் அவள். அவள் எதற்குத்தான் ஆமென் சொல்லவில்லை.

"எதுக்குச் சொன்னீங்கன்னு தெரியுமா?"

கடந்த வியாழக்கிழமையை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். தங்கச்சி பேசியது ஞாபகம் இருந்தது. ஜெபம் பண்ணலாமா என்று கேட்டது ஞாபகம் இருந்தது. ஜெபம் என்ன என்பது மட்டும் சுத்தமாக இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றாள்.

"யோசிக்க என்ன சிஸ்டர் இருக்கு. ஒருமனமாச் சொன்னீங்கன்னா அவங்க வரலாம், வாத்தியாரையும் கூப்பிட்டுக்கறோம். இல்லன்னா திரும்பிப் போகணும். மருந்தகம் பூட்டிக் கெடக்கு, வேற ஆளு எங்கிட்ட இல்ல. நாளைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

போனை வைத்ததும் நாற்காலியிலிருந்த பெண், "ஆன்ட்டி, இது எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டாள். கண்ணாடியக்கா, "தெரியலம்மா" என்றாள். கடை வைத்த நாளிலிருந்து வாடிக்கையாளரிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பெண் ஃப்ரேமைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. கிண்டல் செய்கிறவர்கள் கிண்டலை நிறுத்தினால்தான் பயமாக இருக்கும்.

"அன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சு?" என்றார்.

"ஒரு வேன் டிரைவர் வந்திருந்தார். கண்ணாடி மேல உக்காந்து ஒடைச்சுட்டார். ஸ்கூல் விடற நேரத்துக்குள்ள வேணும், இல்லன்னா பிள்ளைங்கள யாரு கூட்டிட்டு வர்றதுன்னு நின்னார். சரின்னு போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு மெஷினை ஓட்டினேன்."

"அந்தச் சத்தத்துல ஜெபம் கேட்டுச்சா?"

"கேக்கல. அவ நிறுத்தறது மட்டும் தெரிஞ்சுது."

"நிறுத்தினப்ப எல்லாம் ஆமென் போட்டுட்டே."

அவள் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இப்ப கேக்கலன்னு சொன்னா அந்தப் பொண்ணு திரும்பிப் போகணும். கேட்டேன்னு சொன்னா அது பொய். ஏங்க, நான் என்ன பண்ணட்டும்?"

"லிஃப்ட் மாட்டிக்கிட்டா எனக்கு இறக்கத் தெரியும். இது எனக்குத் தெரியல" என்றார் அவர்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் முன் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஸ்பீக்கரில் போட்டது டிரைவருக்குக் கேட்டிருக்குமே. அவர் மெஷின் பக்கம் இல்லை, போனுக்குப் பக்கத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டது உன்னோடேயே இருக்க வேண்டும் என்ற விதி இதில் எந்தக் கடலில் மூழ்கியது என்று நினைத்தால் முகம் எரிந்தது. ஆனாலும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, "நல்லா இருக்கும்மா, அசையல" என்றார்.

"அதுக்கு வரலைங்க. அன்னைக்கு என் போன்ல ஒரு பொண்ணு பேசிச்சே. என்ன சொல்லிச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் துணியை மடித்தார். "நீங்கதானே பதில் சொல்லிட்டு இருந்தீங்க?"

"மெஷின் சத்தம். சரியாக் கேக்கல."

"சாமி கும்பிடற மாதிரி பேசிச்சு. ஒரு வயசானவர் மருந்துக்குக் கையை நீட்டுனாராம், இந்தப் பொண்ணு அவர் கையைத் தட்டிவிட்டுடுச்சாம். ஓங்கியே அடிச்சிருச்சு போல. எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்கு, இனிமே யாரையும் தொட மாட்டேன், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு அழுதுச்சு. நீங்க உடனே ஏதோ சொன்னீங்க. சரின்னுதானே அர்த்தம்? அதுக்கு அழுகை நின்னு போச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. நீங்க அந்தப் பொண்ணோட அம்மாவா?"

"இல்ல" என்றாள் கண்ணாடியக்கா. வேறென்ன உறவு என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தெரிந்துகொண்டால் தெளிந்துவிடும் என்று நினைத்துத்தான் டிரைவரைத் தேடிப் போனாள். தெரிந்துகொண்டதும் இன்னும் குழம்பியது. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? பதறியிருப்பாள். மெஷினை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்து ஆறுதல் சொல்லியிருப்பாள். ஆமென் சொல்லியிருக்க மாட்டாள், அது மட்டும் நிச்சயம். அப்படியானால் உண்மையைச் சொன்னால் "ஒருமனம் இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண் மறுபடியும் அந்த வாசலுக்கே போக வேண்டும். பஸ் நின்றதும் தன் நிறுத்தத்தைத் தாண்டி வந்துவிட்டதைக் கவனித்து இறங்கித் திரும்ப நடந்தாள்.

சங்கத்து ஆபீஸ் ஒரு மாடி அறை. சுவரில் குண்டூசி குத்திய வரைபடம். ஊழியர்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் சிவப்புத் தலை ஊசி. பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் கேன், தேதி கிழிக்காத காலண்டர். செயலாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பூட்டிக்கிடக்கிற மருந்தகத்தை நினைத்துத் தூக்கம் கெட்ட மனிதர்தான் அவரும்.

ஓரத்து நாற்காலியில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் குரலாகவே இருந்தவள். குரலை வைத்து உயரமானவள் என்று கண்ணாடியக்கா எண்ணியிருந்தாள். ஒரு பிடி ஆள்தான். கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கை பரபரத்தது கண்ணாடியக்காவுக்கு, நிமிர்த்திவிட.

"வாங்க அக்கா" என்று அவள் எழுந்தாள். கையைப் பிடிக்கப் போனவள், பாதியில் இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேசைப் போன் அடித்தது. மலையிலிருந்து வாத்தியார். லைன் சரியில்லை என்று செயலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனார். அறையில் இருவர் மட்டும். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று கண்ணாடியக்காவுக்குத் தோன்றியது.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ ஜெபம் பண்ணப்ப நான் கேக்கல. மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. என்னன்னு தெரியாமலே ஆமென் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

அழுவாள், கோபப்படுவாள், இரண்டில் ஒன்று நடக்கும் என்று கண்ணாடியக்கா காத்திருந்தாள். தங்கச்சி பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்கா."

"தெரியுமா?"

"சத்தம் கேட்டுதே. நீங்க வேலையா இருக்கீங்க, கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அதைச் சொன்னேன்."

"ஏம்மா அப்படி?"

"கேட்டிருந்தா ஆமென் சொல்லியிருக்க மாட்டீங்க. இத்தனை வருஷமா நல்லாத்தான் கேட்டீங்க. கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வாரமும் என்னைத் திருப்பி அனுப்பிட்டீங்க."

அதில் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று கண்ணாடியக்காவுக்கு விளங்கவில்லை. தங்கச்சி அதைச் சொன்ன குரல், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று நோயாளிக்குச் சொல்கிற குரல். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றதும் கைதட்டியதும் கண்ணாடியக்காவுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கைதட்டு எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. உட்கார வேண்டும் போலிருந்தது, உட்கார்ந்தாள்.

செயலாளர் உள்ளே வந்தார். "வாத்தியார் அங்க தவிச்சுட்டு இருக்கார். சொல்லுங்க சிஸ்டர். அன்னைக்கு ஒருமனமாதான் சொன்னீங்களா?"

"அன்னைக்கு இல்ல ஐயா" என்றாள் அவள். தங்கச்சி தலையைக் குனிந்தாள். "அன்னைக்கு என் காதுலயே விழல. இப்பதான் கேட்டேன். இப்ப சொல்றேன், ஆமென்."

செயலாளருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நாம இன்னும் ஜெபமே பண்ணலையே சிஸ்டர்" என்றார்.

"அப்ப பண்ணுங்க ஐயா."

வேறு வழி தெரியாமல் அவர் கண்ணை மூடினார். பழகிய வாய், தானாக ஓடியது. "ஆண்டவரே, இந்தச் சகோதரி இத்தனை காலம் செய்த ஊழியத்துக்காக நன்றி" என்று நிறுத்தினார்.

"ஆமென்" என்றாள் கண்ணாடியக்கா.

"களைத்துப்போன அவங்களுக்கு இளைப்பாறுதல் கொடுங்க."

"ஆமென்."

"மறுபடியும் பலப்படுத்தி, அதே மலைக்கு அனுப்புங்க" என்று நிறுத்தினார்.

ஆமென் வரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவள் ஒரு ஜெபத்துக்கு வாயைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி துடித்தது. ஒரு ஜெபத்துக்கு ஆமென் மறுப்பது பாவமா, சொல்வது பாவமா என்று தெரியவில்லை. பக்கத்தில் தங்கச்சி மூச்சுகூட விடவில்லை. செயலாளர் காத்திருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். இரண்டு பெண்களும் கண்ணை மூடியபடியே இருந்தார்கள்.

"உங்களுக்குச் சித்தமானா" என்று சேர்த்துப் பார்த்தார்.

அதற்கும் வரவில்லை.

அவர் தொண்டையைக் கனைத்தார். வெளியே படியில் யாரோ ஏறி, வேறு கதவைத் திறந்து உள்ளே போனார்கள். வெகுநேரம் கழித்து, மேடையில் பேசும் குரலை விட்டுவிட்டு, சொந்தக் குரலில் செயலாளர் மெதுவாகச் சொன்னார்: "ஆண்டவரே, இந்தப் பொண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்க."

"ஆமென்" என்றாள் கண்ணாடியக்கா. அவளுக்கு முன்னால் தங்கச்சி சொல்லியிருந்தாள்.

வாத்தியாருக்குத் தகவல் சொல்லச் செயலாளர் மறுபடியும் வராந்தாவுக்குப் போனார். கண்ணாடியக்கா தங்கச்சியின் சரிந்த கண்ணாடியைக் கழற்றி, காதுக்கம்பியை விரலால் வளைத்து நிமிர்த்தினாள். திருப்பிப் போட்டுவிடப் பார்த்தபோது தங்கச்சி தூங்கிவிட்டிருந்தாள். நாற்காலியிலேயே, தலை இவள் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து.

செயலாளர் உள்ளே வந்தார். மேசைக்குப் பின்னால் போய் உட்காரவில்லை. வரைபடத்துக்கு முன்னால் போய் நின்று அந்த மலையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தார். அதைப் பிடுங்கவும் இல்லை.

"வாத்தியார் அழுதுட்டார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது சரி சிஸ்டர். நாளைக்குக் காலையில அந்த மருந்தக வாசல்ல வந்து உக்காருவாங்களே, அவங்களை யாரு பாக்கறது?" என்றார்.

அவர் குற்றம் சாட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார். கண்ணாடியக்காவிடம் ஆறுதல் ஒன்றும் தயாராக இல்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியல ஐயா" என்றாள், தங்கச்சி முழித்துவிடாதபடி தாழ்ந்த குரலில்.